சந்தனமாரி பேரில் ஒரு ஜெபக்குறிப்பு

தான் சுகுணாவை மன்னித்துவிட்ட செய்தி சந்தனமாரிக்குத் தெருக்குழாயடியில்தான் கிடைத்தது.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் ரோட்டில் இறங்கி, கரிசல் காட்டுக்கு ஊடே ஒரு மைல் நடந்தால் அந்த ஊர் வரும். மூன்று நாளைக்கு ஒருதரம்தான் குழாயில் தண்ணீர். அன்றைக்குச் சனிக்கிழமை. பாலம்மாள் தன் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்திக்கொண்டே சொன்னாள்.

"உனக்குப் பெரிய மனசு மாரி. எனக்கெல்லாம் அது வராது. நானா இருந்தா செத்தாலும் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"யாரைச் சொல்லுத?"

"வேற யாரை? சுகுணாவைத்தான். நேத்து உபவாச ஜெபத்துல சாட்சி சொன்னால்லா. என் சிநேகிதி நாலு வருசமா எங்கூடப் பேசாம இருந்தா, கர்த்தர் அவ மனசை இளக்கிட்டாரு, என்னை மன்னிச்சிட்டான்னு ஒரே அழுகை. எங்களுக்கே கண்ணு கலங்கிட்டு. நீ ஒருத்திதான் அங்கன இல்லை."

சந்தனமாரி குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி நின்றாள். நான் எப்போது மன்னித்தேன் என்று கேட்க வாய் வரை வந்தது. பின்னால் நின்றவள், "மாரி, உன் முறைதான். வைக்கியா, நான் வைக்கட்டா?" என்றாள். குடத்தை வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில், கேட்க வந்த சொல் உள்ளேயே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. புதன்கிழமை தீப்பெட்டி ஆபீசில் நடந்ததைத்தான் சுகுணா மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் வேலை பார்ப்பது ஒரே கொட்டகையில், எதிரெதிர்ப் பலகையில். கையளவாகக் குச்சியை அள்ளிப் பெட்டியில் அடைக்கிற வேலை. குச்சியோடு குச்சி உரசினால் சில நேரம் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும். அதற்காகவே பக்கத்தில் ஈரச்சாக்கு கிடக்கும். புதன்கிழமை சுகுணாவின் மடிக்குப் பக்கத்தில் ஒரு கத்தைக் குச்சி பற்றியது. சந்தனமாரி எழுந்து சாக்கை எடுத்து அவள் மடியில் அடித்தாள். அவ்வளவுதான். அங்கே நாய் படுத்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பாள்.

அதற்குப் பெயர் மன்னிப்பாம்.

சந்தனமாரி ஆட்டுக்கார வீட்டுப் பெண். அவளுடைய அப்பா ஓட்டப்பிடாரம் வரைக்கும் காடு காடாகக் கிடை போட்டுத் திரிந்தவர். ஐந்தாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். பதினைந்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வந்தாள். முதல் நாளே எதிர்ப்பலகையில் சுகுணா இருந்தாள். குச்சியை எண்ணாமல் கைப்பிடியிலேயே அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் சுகுணாதான். சந்தனமாரி பேசமாட்டாள். சுகுணா பேச்சை நிறுத்தமாட்டாள். அதனாலேயே இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த நந்தகோபால் விபத்தில் செத்தபோது மகள் உமாதேவிக்கு ஆறு வயது. பதினாறாம் நாள் முடிந்ததும் சொந்தக்காரர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். சுகுணா மட்டும் தினமும் வேலை முடிந்து வந்தாள். சந்தனமாரிக்குத் தலை வாரிவிட்டாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அவ்வளவு பேசுகிறவள் அந்த மூன்று மாதமும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் சந்தனமாரியால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கெட்டவளாகவே இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் சுகுணாதான். அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளைச் சேலையை இழுத்து இழுத்து எழுப்பினாள், உட்காரவைத்தாள். அடுத்த வருசம் ஞானஸ்நானம். சாராள் என்று பெயர் கொடுத்தார்கள். அந்தப் பெயர் கோயில் புத்தகத்தில் இருக்கிறது, யாரும் கூப்பிடவில்லை. அண்ணன் இசக்கிபாண்டி தன் வீட்டு விசேஷங்களுக்குச் சொல்லியனுப்புவதை நிறுத்திக்கொண்டான். அது வலித்தது. ஆனால் ஜெபம் பண்ணக் கற்றுக்கொண்டபின், தன் பேச்சைக் குறுக்கே புகாமல் கேட்பதற்கு ஒருத்தர் இருக்கிறார் என்று சந்தனமாரிக்கு ஒரு தைரியம் வந்தது. விசுவாசமும் சிநேகமும் அவளுக்கு ஒரே கையிலிருந்து வந்தவை. பிற்பாடு அந்தக் கையை உதறவேண்டி வந்தபோது எது எதோடு போகும் என்று தெரியாமல் தவித்ததும் அதனால்தான்.

உமாவுக்குப் பதினாலு வயதில் வலிப்பு வந்தது. வீட்டில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்போது கூட இருந்தது சுகுணா ஒருத்திதான். கோவில்பட்டி டாக்டரிடம் காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று இருவருமாகத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார்கள். தினம் மாத்திரை. மூன்றாம் வருசத்திலிருந்து வலிப்பு வரவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். அது மூன்று பேருக்குத் தெரிந்த விசயமாகவே இருந்தது.

உமாவுக்கு இருபத்திரண்டு வயதில் புதியம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பெயர் முத்துசெல்வம். ரெடிமேட் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. கோயிலுக்குப் போகிற குடும்பம். நிச்சயம் முடிந்து, கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று ஐயர் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். சபைப் போதகரை அங்கே ஐயர் என்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்றைக்குச் சந்தனமாரி கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்து சுகுணாவிடம் மட்டும் சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டுல இன்னும் மாத்திரை விசயத்தைச் சொல்லலை. யாராவது எந்திச்சுத் தடை சொல்லிருவாகளோன்னு பயமா இருக்கு."

"யாரு சொல்லுவா? நீ வீட்டுக்குப் போ. நான் ஜெபிக்கேன்" என்றாள் சுகுணா.

சொன்னபடியே ஜெபித்தாள். அதில் அவள் பொய்யே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவரவர் ஜெபக்குறிப்பைச் சொல்வது வழக்கம். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, முழங்கால் வலி என்று ஒவ்வொருத்தியும் எழுந்து சொல்வாள். எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை சந்தனமாரி வேலைக்குப் போயிருந்தாள். சுகுணா எழுந்து நின்று, நம்ம சந்தனமாரி மகள் உமாவுக்கு இருக்கிற வலிப்பு வியாதி கல்யாணத்துக்குத் தடையாக வந்துவிடக்கூடாது, அதற்காகப் பாரத்தோடு ஜெபிப்போம் என்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி புதியம்புத்தூர்க்காரி. மகள் வீட்டுக்கு வந்திருந்தவள். முத்துசெல்வத்துக்குப் பெரியம்மா முறை. அவளும் கண்ணீரோடு ஆமென் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னது, ஆறுதல் சொல்ல வந்த ஒரு கிழவி. "சுகுணா உன் மகளுக்காக எப்படிக் கதறி ஜெபிச்சா தெரியுமா? அந்த வியாதி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாளே" என்றாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். உள்ளறையில் உமா இருந்தாள். அரைப்படி உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்த முறத்தின் சத்தம் நின்றுபோனதைச் சந்தனமாரி கேட்டாள்.

அந்த மாதத்திலேயே உமா புதியம்புத்தூரில் வேறொரு தையல் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கிவிட்டாள். எந்த ஊர் வேண்டாம் என்றதோ அந்த ஊருக்கே போய் உட்கார்ந்தாள். அம்மாவோடு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சந்தனமாரி சுகுணாவோடு பேச்சை நிறுத்தினாள். சண்டை போடத் தெரியாது. எதிர்ப்பலகையில் உட்கார்ந்து குச்சி அடைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சபையார் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, பிறரை மன்னிப்பதுபோல் எங்களை மன்னியும் என்று கேட்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்துக்கும் போகவில்லை. மனசில் ஒருத்திமேல் இவ்வளவு வைத்துக்கொண்டு பீடத்தண்டை முழங்கால் போட அவளால் முடியவில்லை. மற்றவர்கள் எழுந்து போகும்போது குனிந்து உட்கார்ந்திருப்பாள். நாலு வருசமாகப் பந்திக்குப் போகாமல் இருந்ததுதான் அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவில் மிச்சமிருந்த நேர்மை. என்னால் மன்னிக்க முடியவில்லை, உம்மிடம் பொய் சொல்லவும் முடியவில்லை என்று அவருக்கு மட்டும் தெரியும்படி உட்கார்ந்திருந்தாள்.

போன தை மாதம் உமா தானாகவே ஒரு மாப்பிள்ளையைச் சொன்னாள். சக்திகுமார், ஓட்டப்பிடாரத்துப் பையன், கூட வேலை பார்க்கிறவன். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். அம்மாவாகச் சந்தனமாரி மகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மாத்திரையைச் சத்து மாத்திரைன்னு சொல்லு. வாயைத் திறந்திராத." உமா அம்மாவைப் பார்த்தாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது உமாவுக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

இந்த நேரத்தில்தான் சுகுணா சாட்சி சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு வந்தார். ஜூன் மாதம் புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனுசர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சந்தோசமாகச் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு பெண்கள் பண்டிகை. சுகுணாம்மாவும் நீங்களும் பீடத்துக்கு முன்னால வந்து நிக்கணும். இந்தக் காலத்துல இது பெரிய சாட்சி. நம்ம சேகரத்துல உள்ள எல்லா ஊர்ச் சபையில இருந்தும் வேன்ல வாராங்க. ஓட்டப்பிடாரத்துல இருந்துகூட ஒரு வேன் வருது."

"வேண்டாம்யா" என்றாள் சந்தனமாரி.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். அவங்க பேசுவாங்க."

"என்ன பேசுவா?"

"நடந்ததைத்தான். உள்ளதை உள்ளபடி மறைக்காமச் சொன்னாத்தானேம்மா சாட்சி."

அவர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். சந்தனமாரி அந்த நாற்காலியை எடுத்து உள்ளே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதைச் சொன்னால், எதை மூடிவைக்க இவ்வளவு பாடோ அதைத் தன் வாயாலேயே சொன்னதாகும்.

திங்கட்கிழமை, நாலு வருசத்துக்குப் பிறகு, எதிர்ப்பலகையைப் பார்த்துப் பேசினாள். சுற்றிலும் ஆட்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை நீ ஒண்ணும் பேசாத."

சுகுணாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. "ஏட்டி மாரி! பேசிட்டியா! உனக்குப் புகழ்ச்சி பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? இது உனக்கில்லட்டி. கர்த்தருக்கு."

"உமா பேச்சை எடுக்காதன்னு சொல்லுதேன்."

"அதை எடுக்காம எப்படிச் சொல்ல? வியாதி போச்சு, கல்யாணம் ஆச்சு, உண்டாயும் இருக்கா. எல்லாம் நாம அன்னைக்குப் பண்ணுன ஜெபந்தானே? அந்த அற்புதத்தைச் சொல்லாட்டா கர்த்தர் என்னைக் கேப்பாருல்லா?"

"சுகுணா, வேண்டாம்."

"நீ சும்மா இரி. உனக்கு எப்பவும் பயந்தான்."

பக்கத்துப் பலகைக்காரி தலையைத் தூக்கினாள். சந்தனமாரி குனிந்து குச்சியை அள்ளினாள். அன்றைக்கு அவள் அடைத்த பெட்டிகள் பல அளவு தப்பிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. வந்த வேன்களைச் சந்தனமாரி வாசலில் நின்று எண்ணினாள். ஓட்டப்பிடாரத்துப் பெண்கள் மஞ்சள் சேலையில் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். அதில் யாராவது ஒருத்தி சக்திகுமார் வீட்டுக்கு அடுத்த வீடாக இருந்தால் போதும். ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரின் மகன் போனைத் தூக்கிப் பிடித்துச் சபை குரூப்புக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஐயர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இருவரும் போய் நின்றார்கள். சுகுணா மைக்கை வாங்கினாள். முப்பது வருசச் சிநேகிதத்தைச் சொன்னாள். ஒரே டப்பாவில் சோறு தின்றதைச் சொன்னாள். சந்தனமாரி புருசன் செத்ததைச் சொன்னாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"அப்புறம் இவ மகளுக்கு ஒரு பெரிய போராட்டம். அது என்னன்னு இன்னைக்கு உங்க முன்னால மறைக்காமச் சொல்லுதேன். அந்தப் பிள்ளைக்குப் பதினாலு வயசுல…"

சந்தனமாரிக்கு மைக்கைப் பிடுங்கத் தோன்றவில்லை. பிடுங்கினால் கூட்டம் கேட்கும். ஓடத் தோன்றவில்லை. ஓடினால் அவள் பேசி முடிப்பாள். ஒரே எட்டில் போய்ச் சுகுணாவை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, அவள் முகத்தைத் தன் தோளில் வைத்து அழுத்தினாள். மைக் இருவருக்கும் நடுவில் மாட்டி ஒரு கீச்சுச் சத்தம் போட்டு அடங்கியது. சுகுணாவின் வாய் தன் தோள்பட்டை எலும்பில் அசைவது தெரிந்தது. இன்னும் அழுத்தினாள். "பேசாத, பேசாத, பேசாத" என்று அவள் காதுக்குள் சொன்னாள்.

கூட்டம் அல்லேலூயா என்று எழுந்து நின்றது. ஓட்டப்பிடாரத்துப் பெண்கள் கை தட்டினார்கள். சுகுணா குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளால் பேச முடியவில்லை, அழுகையில். சந்தனமாரி, அந்த அழுகை நிச்சயமாகப் பேச்சை அடைத்துவிட்டது என்று தெரிந்த பிறகே கையைத் தளர்த்தினாள்.

ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குத் திருவிருந்துக்கு இந்த இரண்டு சகோதரிகளும் முதலில் வரட்டும் என்றார். சுகுணா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரே பார்த்தது. சந்தனமாரி முழங்கால் போட்டாள். கையை நீட்டினாள். நாலு வருசமாகச் சொல்லாத பொய்யை அப்பமாக வாங்கி விழுங்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்தவள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தோளில் சுகுணாவின் கண்ணீர் ஈரமாக இருந்தது.

மத்தியானம் உமாவிடமிருந்து போன் வந்தது. பழைய சிநேகிதி ஒருத்தி அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறாள்.

"எம்மா, அவளைக் கட்டிப்பிடிச்சியா?" உமாவின் குரல் மெதுவாக இருந்தது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை நீ."

"ஏட்டி, அவ உன் வியாதியைச் சொல்ல வந்தா. மைக்குல. உங்க ஊர்க்காரிக முன்னால. வாயை அடைக்க எனக்கு வேற வழி தெரியலை. அதைப் போய் மன்னிப்புன்னு நெனைக்காத. நான் மன்னிக்கலை. உன் வாழ்க்கை கெட்டுப்போகக்கூடாதுன்னுதான்…"

உமா இடைமறித்தாள்.

"எங்க வீட்டு அவியகிட்ட நான் கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிட்டேம்மா."

"என்னத்தை?"

"எல்லாத்தையும். கம்பெனியில டீ குடிக்கையில சொன்னேன். மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டுனேன். தினம் போடணும்னா போடு, அதுக்கென்னன்னாக. அத்தைக்கும் தெரியும். உண்டானதுலேர்ந்து வேளைக்கு மாத்திரையை எடுத்துக் குடுக்கதே அத்தைதான்."

சக்திகுமாரின் அம்மா மீனாட்சியம்மாளுக்குத் தெரியும். சம்பந்தக்காரி, மாதத்துக்கு ஒருதரம் வந்து இந்த வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போகிறவள், அவளுக்குத் தெரியும். அவள் வரும்போதெல்லாம் உமாவின் பழைய மாத்திரைச் சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தது நினைவுக்கு வந்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நீ வாயைத் திறக்காதன்னு சொன்னியேம்மா. அப்புறம் உங்கிட்ட எப்படிச் சொல்ல?" உமா மூச்சு விட்டாள். "சுகுணா சித்தி பண்ணுனது தப்புத்தான். அதை நான் மறக்கலை. ஆனா புதியம்புத்தூர்க்காரங்ககிட்ட மொதல்ல மறைச்சது நாமதானம்மா. எனக்கு வலிப்புங்கிறதைவிட, அது ஏதோ களவாண்ட பொருள் மாதிரி நீ ஒளிச்சு வச்சதுதான் எனக்கு…" முடிக்கவில்லை.

சந்தனமாரி போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள். "தாயி, உன்னை ஒளிச்சு வச்சது தப்பு. நான் பண்ணுன தப்பு. என்னை மன்னிச்சிரு."

அதைச் சொல்ல அவளுக்குக் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. ஜெபமும் தேவைப்படவில்லை. உடம்பெல்லாம் கூசியது, அவ்வளவுதான்.

"சரிம்மா. குக்கர் சத்தம் போடுது. வைக்கேன்" என்றாள் உமா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போனை வைக்கும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மகள் காப்பாற்றப்பட வேண்டிய இடத்தில் இல்லை. காப்பாற்றுவதற்கென்று அவள் கொடுத்த விலைதான் மிச்சம். ஒன்றுமில்லாததற்காகப் பீடத்தண்டையில் பொய்யை விழுங்கியிருக்கிறாள். கர்த்தரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். கொட்டகைக்குப் பின்னால் கை கழுவுகிற தொட்டியடியில் சுகுணா தனியாக நின்றாள். சந்தனமாரியைப் பார்த்ததும் தன் டப்பாவை நீட்டினாள்.

"உனக்குப் பிடிக்கும்னு சுண்டவத்தல் வறுத்துக்கொண்டு வந்திருக்கேன். இன்னைக்குத்தாண்டி எனக்குச் சோறே இறங்குது."

சந்தனமாரி வாங்கவில்லை.

"நேத்து நான் உன்னை மன்னிக்கலை" என்றாள். "உன் வாயைப் பொத்துனேன்."

சுகுணா சிரிப்பதா என்று தெரியாமல் பார்த்தாள். "என்னடி சொல்லுத?"

"எம்மக வியாதியை நீ ஊருக்கு முன்னால சொல்லிருவேன்னு பொத்துனேன். நாலு வருசத்துக்கு முந்தி சொன்ன மாதிரி."

"நான் எங்கட்டி ஊருல சொன்னேன்? ஜெபந்தானே பண்ணுனேன்? உம்மக நல்லா இருக்கணும்னுதானே அன்னைக்கு வயித்தைக் காயப்போட்டேன்?"

"உங்கிட்டத்தான் சொன்னேன். ஊருகிட்டச் சொல்லலை."

"கர்த்தர்கிட்டத்தானே நான் சொன்னேன்!"

"பதினஞ்சு பொம்பளைகளுக்கு நடுவுல நின்னு சொன்னே. கர்த்தருக்குக் காது மந்தமா?"

சுகுணாவின் முகத்தைச் சந்தனமாரி உற்றுப் பார்த்தாள். முப்பது வருசமாகத் தெரிந்த முகம். அதில் எங்காவது ஒரு கள்ளம் தெரிந்தால் போதும் என்று தேடினாள். தெரியவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. செய்தது என்னவென்று தெரியாமலே அழுதிருக்கிறாள், தெரியாமலே மன்னிப்பை எடுத்துக்கொண்டிருக்கிறாள், தெரியாமலே சுண்டவற்றல் வறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இப்படிப்பட்டவர்களை மன்னிக்கச் சிலுவையில் தொங்கியவரால் முடிந்தது. தொட்டியடியில் நிற்கிறவளால் முடியவில்லை.

"சரி" என்றாள் சுகுணா. கண் நிறைந்துவிட்டது. "உன் மனசு இன்னும் ஆறலை. நான் அதையும் கர்த்தர் பாதத்துல வைக்கேன். வெள்ளிக்கிழமை…"

"வைக்காத." சந்தனமாரியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "எம்பேரையும் எம்மக பேரையும் இனி உன் ஜெபத்துல எடுக்காத. வெள்ளிக்கிழமையும் வேண்டாம், வீட்டுல தனியாவும் வேண்டாம். என்ன சொல்லணுமோ எங்கிட்டச் சொல்லு."

"உங்கிட்ட என்ன சொல்ல?"

கேட்டது சண்டைக்கில்லை. பிள்ளை பாடத்தைக் கேட்பதுபோல் கேட்டாள். ஒரு காலத்தில் சேலையை இழுத்து, இப்போது எழுந்திரு, இப்போது உட்கார் என்று சொல்லிக்கொடுத்தவள். இன்றைக்கு இவள் சொல்லிக்கொடுக்கலாம். நேற்று மகளிடம் சொன்ன அதே இரண்டு வார்த்தை. சந்தனமாரி சொல்லிக்கொடுக்கவில்லை. தான் எடுத்துக் கொடுத்து, தானே திரும்ப வாங்கிக்கொள்கிற வார்த்தை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

சுகுணா டப்பாவைத் தொட்டிச் சுவரில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முக்கியமானதைச் சொல்லும்போது பழக்கமாகிப்போனபடி, கண்கள் தாமாக மூடிக்கொண்டன. உதடு அசையத் தொடங்கியது.

"கண்ணைத் திறந்துக்கிட்டுச் சொல்லு" என்றாள் சந்தனமாரி.

சுகுணா கண்ணைத் திறந்தாள். எதிரே சந்தனமாரி நின்றாள். அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை. ஆமென் சொல்ல ஒருத்தியும் இல்லை. சுகுணாவின் உதடு நின்றுபோயிற்று. பேச்சை நிறுத்தத் தெரியாத அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

சந்தனமாரி காத்திருந்தாள். கொட்டகையில் மணி அடித்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். மேஸ்திரி உள்ளேயிருந்து சத்தம் போட்டபோது இருவரும் போய், எதிரெதிர்ப் பலகையில் உட்கார்ந்து, குச்சியை அள்ளினார்கள்.